கழுத்தில் தொங்கும் பெரிய காமிராவா? கைப்பைக்குள் அடங்கும் சிறிய காமிராவா?

காமிரா உலகத்தில் கடந்த சில ஆண்டுகளில் எல்லாமே தலைகீழாகிவிட்டது. பத்திரிகையின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வருகிற செய்தி அல்ல இது. ஆனால், வீட்டுக்கு ஒரு நல்ல காமிரா வாங்கலாம் என்று சீட்டுப் பணத்தை எடுத்து வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய செய்திதான்.

கல்யாண வீட்டில் பார்த்திருப்பீர்கள். கறுப்பு நிறம், நல்ல கனம், கழுத்தில் வார், முன்னால் நீண்டு நிற்கும் லென்ஸ். அந்தக் காமிராவுக்கு "டி.எஸ்.எல்.ஆர்." என்று பெயர். நல்ல படம் வேண்டுமானால் அதைத்தான் வாங்க வேண்டும் என்று இருபது ஆண்டுகளாக ஊரெங்கும் பேச்சு. அதற்காகக் கடன் வாங்கியவர்கள் உண்டு. வாங்கி, இரண்டு முறை எடுத்துவிட்டு, பீரோவில் வைத்துப் பூட்டியவர்கள் அதைவிட அதிகம்.

இன்று அந்தப் பெரிய காமிராவைச் செய்தவர்களே அதைக் கைவிட்டு வருகிறார்கள். 2021-ம் ஆண்டு சோனி கம்பெனி இந்த வகைக் காமிராக்களின் விற்பனையை நிறுத்திவிட்டது. கானன் கம்பெனி 2020-ல் வெளியிட்ட "1 டி எக்ஸ் மார்க் 3" என்பதுதான் அதன் தலைசிறந்த டி.எஸ்.எல்.ஆர். அதுவே அந்த வரிசையில் கடைசி என்று 2021-ம் ஆண்டு முடிவில் கம்பெனித் தலைவரே சொல்லிவிட்டார். நிக்கான் கம்பெனியின் "டி 6" வந்ததும் 2020-ல்தான். அதன் பிறகு புதிய மாடல் இல்லை. பென்டாக்ஸ் மட்டும் பிடிவாதமாக நிற்கிறது.

அதே நேரத்தில் இன்னொரு அதிசயம். செல்போன் வந்து விழுங்கிவிட்டது என்று எல்லாரும் கணக்குத் தீர்த்த சிறிய ஜூம் காமிரா மறுபடியும் தலைதூக்கியிருக்கிறது!

எண்கள் சொல்லும் கதை

ஜப்பானில் காமிரா உற்பத்தியாளர்களின் சங்கம் ஒன்று உண்டு. எத்தனை காமிரா தொழிற்சாலையை விட்டு வெளியே போயிற்று என்று அது ஆண்டுதோறும் கணக்குச் சொல்லும். 2010-ம் ஆண்டு உலகம் முழுவதற்கும் அனுப்பப்பட்ட டிஜிட்டல் காமிராக்கள் 12 கோடிக்கு மேல். அதில் 10 கோடிக்கு மேல் சிறிய காமிராக்கள். 2023-ல் மொத்தமே சுமார் 77 லட்சம்தான்! சிறிய காமிரா 17 லட்சமாகச் சுருங்கிவிட்டது.

காரணம் உங்கள் கையிலேயே இருக்கிறது. செல்போன்தான். 2007-ல் ஐபோன் வந்தது. பிறகு வந்த ஒவ்வொரு போனிலும் காமிரா நன்றாகிக்கொண்டே போயிற்று. தனியாக ஒரு சிறிய காமிரா எதற்கு என்று ஜனங்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

பெரிய காமிராவின் கதையும் அப்படித்தான். 2012-ல் சுமார் 1 கோடியே 60 லட்சம் டி.எஸ்.எல்.ஆர். போயின. 2023-ல் சுமார் 12 லட்சம். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அதைக் கொன்றது செல்போன் மட்டும் அல்ல. அதன் சொந்தத் தம்பியே அதற்கு எமனாக வந்தான். அதைப் புரிந்துகொள்ள அந்தக் காமிராவின் வயிற்றுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

உள்ளே ஒரு கண்ணாடி

பெரிய காமிராவின் லென்சுக்குப் பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடி போல ஒரு சிறிய கண்ணாடி சாய்வாக நிற்கிறது. லென்ஸ் வழியாக வரும் ஒளியை அது மேலே திருப்பி விடுகிறது. மேலே ஐந்து மூலைப் பளிங்குக் கட்டி ஒன்று இருக்கிறது. ஒளி அதில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. ஆகவே லென்ஸ் பார்ப்பதை அப்படியே நாமும் பார்க்கிறோம். பட்டனை அழுத்தியதும் கண்ணாடி "டக்" என்று மேலே எழும்பும். ஒளி நேராகப் பின்னால் போய்ப் படம் பதியும். மறுபடி கண்ணாடி கீழே இறங்கும். கல்யாண மேடையில் கேட்கும் அந்த "டக் டக்" சத்தம் இதுதான். கானனின் அந்தக் கடைசிக் காமிராவில் இந்தக் கண்ணாடி ஒரு வினாடிக்கு 16 முறை எழும்பி இறங்கும். மனிதனின் கைவேலைக்கு அது ஒரு சிகரம். அதில் சந்தேகம் இல்லை.

பிலிம் சுருள் காலத்தில் இந்தக் கண்ணாடி அவசியமாக இருந்தது. பிலிமில் என்ன பதியும் என்று பார்க்க வேறு நல்ல வழி இல்லை. 1959-ல் வந்த "நிக்கான் எப்" காமிராவை உலகப் பத்திரிகைக்காரர்கள் எல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்தது இதனால்தான்.

பிறகு பிலிம் போயிற்று. அதன் இடத்தில் "சென்சார்" என்னும் மின்சாரத் தகடு வந்தது. தகட்டில் விழும் காட்சியைச் சிறிய திரையில் நேராகவே காட்டலாம். பிறகு கண்ணாடி எதற்கு? இந்தக் கேள்வியைக் கேட்ட கம்பெனிகள் கண்ணாடியையே எடுத்துவிட்டன. 2008-ல் பானாசோனிக் "ஜி 1" என்ற காமிராவைக் கொண்டு வந்தது. லென்சைக் கழற்றி மாட்டலாம், கண்ணாடி கிடையாது. 2020-ம் ஆண்டுக் கணக்கில் இந்தக் கண்ணாடி இல்லாத தம்பி, அண்ணனை முந்திவிட்டான்.

தொழில்காரர்கள் தம்பியிடம் போய்விட்டார்கள். சரி, நம்மைப் போன்ற குடும்பஸ்தர் எங்கே போவது? லென்சைக் கழற்றி மாட்டுகிற வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு என்ன வழி? இங்கேதான் சிறிய ஜூம் காமிரா வருகிறது.

தராசில் வைத்துப் பார்ப்போம்

நம் நாட்டில் பலர் முதன்முதலாக வாங்கிய பெரிய காமிரா கானன் 1500 டி. பாட்டரியோடு அதன் எடை 475 கிராம். கூட வரும் சிறிய லென்ஸ் 200 கிராம். தூரத்தில் உள்ளதை எடுக்க இன்னொரு லென்ஸ் வேண்டும். 250 மி.மீ. வரை போகும் அந்த லென்ஸ் 375 கிராம். ஆக மொத்தம் 1 கிலோ 50 கிராம். இதைப் போட்டு வைக்கத் தனியாக ஒரு பை.

பானாசோனிக் கம்பெனி 2018-ல் வெளியிட்ட "டி.இசட். 200" என்ற சிறிய காமிராவின் எடை 340 கிராம். மேலே சொன்ன இரண்டு லென்சும் சேர்ந்து எட்டும் தூரத்தில் பெரும்பகுதியை இது ஒரே லென்சில் எட்டிவிடுகிறது. எடையோ மூன்றில் ஒரு பங்கு. சட்டைப்பையில் போட்டால் பை தொங்கும். அம்மாவின் கைப்பையில் தாராளமாக அடங்கும்.

தஞ்சைப் பெரிய கோவில் முற்றத்தில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானம் 216 அடி உயரம். காமிராவை விரிந்த பார்வையில், அதாவது 24 மி.மீ. அளவில் வைத்தால் விமானம் முழுவதும் படத்தில் வரும். ஒரு விரலால் ஜூம் நெம்பைத் தள்ளினால் 360 மி.மீ. வரை போகிறது. மேலே கண்ணுக்குச் சிறு புள்ளியாகத் தெரியும் சிற்பத்தின் முகம் தெரியும். நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. லென்சைக் கழற்றவில்லை. குழந்தையின் கையை விடவும் இல்லை.

"30 மடங்கு", "100 மடங்கு" என்று விளம்பரங்களில் போடுகிறார்களே, அதில் ஏமாந்துவிடக்கூடாது. லென்சின் மிக நீண்ட அளவை மிகக் குறுகிய அளவால் வகுத்தால் வருவதுதான் அந்த எண். 24-ல் தொடங்கி 720-ல் முடிந்தால் 30 மடங்கு. எவ்வளவு தூரம் எட்டும் என்பதை 720 என்ற எண்தான் சொல்லும், 30 அல்ல. இன்னும் ஒன்று. லென்ஸ் நகர்ந்து காட்சியைக் கிட்டே கொண்டு வருவது ஒரு வகை. அது உண்மையான ஜூம். எடுத்த படத்தின் நடுப்பகுதியைக் கத்தரித்து ஊதிப் பெரிதாக்குவது இன்னொரு வகை. அதில் புதிதாக எதுவும் தெரியாது, மங்கல்தான் பெரிதாகும்.

செல்போன் விளம்பரங்களில் வரும் பெரிய எண்கள் பெரும்பாலும் இரண்டையும் கலந்த கணக்கு. நிலாவைப் படம் பிடித்துக் காட்டும் சாம்சங் போன்களைப் பற்றி 2023-ல் ஒரு சர்ச்சை கிளம்பியது. போன் நிலாவைப் பார்த்து எடுக்கிறதா, அல்லது நிலா இப்படித்தான் இருக்கும் என்று தானே வரைந்து சேர்க்கிறதா என்று கேட்டார்கள். காட்சியில் நிலா இருப்பதைக் கண்டுகொண்டு, செயற்கை நுண்ணறிவால் விவரங்களைத் தெளிவாக்குகிறோம் என்று கம்பெனி விளக்கம் தந்தது. தெளிவாக்குவதற்கும் வரைவதற்கும் நடுவில் கோடு எங்கே என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிரான காமிரா ஒன்றும் உண்டு. 2018-ல் வந்த நிக்கான் "பி 1000". அதன் ஜூம் 24-லிருந்து 3000 மி.மீ. வரை! முழுத் தூரத்துக்கு நீட்டி நிலாவைப் பார்த்தால், நிலா பெரிதாகி, மேலும் கீழும் சட்டத்துக்கு வெளியே போய்விடும். உண்மையான லென்ஸ் காட்டும் உண்மையான நிலா. ஆனால் எடை 1,400 கிராமுக்கு மேல். இதைச் சிறிய காமிரா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அண்டாவும் டம்ளரும்

இவ்வளவு நல்லதென்றால் சிறிய காமிராவில் குறையே இல்லையா? இருக்கிறது. பெரிய குறைதான். கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு அண்டாவையும் ஒரு டம்ளரையும் வையுங்கள். ஒரே மழைதான். எதில் அதிகத் தண்ணீர் சேரும்? காமிராவுக்கு ஒளிதான் மழை. சென்சார்தான் பாத்திரம். பெரிய பாத்திரத்தில் அதிக ஒளி விழும். அதிக ஒளி விழுந்தால், மங்கலான வெளிச்சத்திலும் படம் சுத்தமாக இருக்கும். சிறிய பாத்திரத்தில் ஒளி போதாதபோது காமிரா அதை ஊதிப் பெருக்குகிறது. அப்போது படம் முழுவதும் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

மலிவான ஜூம் காமிராக்களின் சென்சார் சுமார் 6 மி.மீ. நீளமும் நாலரை மி.மீ. அகலமும்தான். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. டி.இசட். 200 போன்ற கொஞ்சம் உயர்ந்த வகையில் 13 மி.மீ.க்கு 9 மி.மீ. சென்சார் இருக்கிறது. பரப்பில் முதலாவதைப் போல நான்கு மடங்கு. ஆரம்ப நிலை டி.எஸ்.எல்.ஆர். சென்சார் இந்த இரண்டாவதைப் போல மேலும் மூன்று மடங்கு.

இந்த இரண்டாவது வகைக்கு "ஒரு அங்குல சென்சார்" என்று பெயர். ஸ்கேலை வைத்து அளந்தால் எந்தப் பக்கத்திலும் ஒரு அங்குலம் வராது! மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மி.மீ.தான். பழைய டெலிவிஷன் காமிராக்களில் கண்ணாடிக் குழாய் இருந்தது. குழாயின் வெளி விட்டத்தை வைத்துப் பெயர் சொல்வார்கள். குழாய் போய்விட்டது. பெயர் மட்டும் நிற்கிறது. வியாபாரிகளுக்குப் பெரிதாகத் தோன்றும் பெயரை விட மனம் வருமா?

லென்சிலும் இதே கதைதான். டி.இசட். 200-ஐ முழுத் தூரத்துக்கு நீட்டினால் ஒளி நுழையும் வாசல் சுமார் 2 செ.மீ. அகலம். பெரிய காமிராவின் 250 மி.மீ. லென்சில் அந்த வாசல் சுமார் நாலரை செ.மீ. அதனால்தான் அந்த லென்ஸ் அவ்வளவு பெரிது. எடையை இறக்கி வைத்தபோது ஒளியையும் சேர்த்தே இறக்கி வைத்துவிட்டார்கள்.

ஆகவே வெயிலில் சிறிய காமிரா ராஜா. கடற்கரை, மலைவாசஸ்தலம், தேர்த் திருவிழா, பள்ளிக்கூட ஓட்டப்பந்தயம் எல்லாவற்றுக்கும் போதும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மேடையில் நடக்கும் மாலை மாற்றலை ஜூம் செய்து எடுத்தால், மாப்பிள்ளையின் முகம் மெழுகு பூசியது போல வரும். பெரிய காமிராவில் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை மாட்டினால் அதே மண்டபத்தில் தெளிவாக வரும். அந்த லென்ஸ் 160 கிராம்தான். லென்சுகளிலேயே மலிவானதும் அதுதான்.

பாட்டரி விஷயத்திலும் பெரியதுதான் ஜெயிக்கிறது. நிக்கான் டி 3500 ஒரு முறை சார்ஜ் செய்தால் 1,550 படம் எடுக்கும் என்று கணக்கு. கானனின் சிறிய காமிரா "ஜி 7 எக்ஸ் மார்க் 3" 235 படத்தோடு படுத்துவிடும். பெரிய காமிராவில் காட்சியைக் காட்டுவது கண்ணாடி. அதற்கு மின்சாரம் வேண்டாம். சிறியதில் திரை எப்போதும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். வெளியூர் போனால் இன்னொரு பாட்டரி எடுத்துப் போவது நல்லது.

"மெகா பிக்சல்" என்று ஒரு மந்திரம் சொல்வார்கள். அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஆல்பத்தில் ஒட்டும் ஆறுக்கு நாலு அங்குலப் படத்துக்கு 22 லட்சம் புள்ளி இருந்தால் தெளிவாக அச்சாகும். 20 மெகா பிக்சல் என்றால் 2 கோடி புள்ளி. சுவரில் மாட்டும் ஒன்றரை அடிப் படத்துக்கே அது போதும்.

விலை ஏன் இறங்கவில்லை?

செத்துப்போனதாக நினைத்த சரக்கு மலிவாகக் கிடைக்க வேண்டும் அல்லவா? கிடைக்கவில்லை. இங்கேதான் இன்றைய நிலவரத்தின் வேடிக்கை இருக்கிறது.

விற்பனை விழுந்ததும் கம்பெனிகள் மலிவு மாடல்களைத்தான் முதலில் நிறுத்தின. விலை உயர்ந்த சில மாடல்களை மட்டும் வைத்துக்கொண்டன. கொரோனாக் காலத்தில் மின்சார உதிரிப் பாகங்களுக்குப் பஞ்சம் வந்தது. உற்பத்தி இன்னும் குறைந்தது. அந்த நேரம் பார்த்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இளைஞர்களுக்குச் சிறிய காமிரா மீது திடீர் மோகம் பிறந்தது. எல்லாருடைய போனிலும் எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கிறது, எங்களுக்கு வேறு மாதிரி வேண்டும் என்றார்கள். பியூஜி கம்பெனியின் "எக்ஸ் 100 வி" என்ற காமிரா 2022, 2023-ம் ஆண்டுகளில் கடையில் கிடைக்காமல், பழையது புதியதைவிட அதிக விலைக்குக் கைமாறியது. அதில் ஜூமே கிடையாது! 2019-ல் வந்த கானனின் அந்த ஜி 7 எக்ஸ் மார்க் 3-க்கும் ஐந்து ஆண்டு கழித்து, 2024-ல் கிராக்கி வந்தது. அந்த ஆண்டு சிறிய காமிராக்களின் மொத்தக் கணக்கு 17 லட்சத்திலிருந்து சுமார் 19 லட்சமாக ஏறியது.

ஐரோப்பிய நாடுகள் ஒரு சட்டமும் போட்டன. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே புதிதாக விற்பனைக்கு வரும் காமிராக்களுக்கு, செல்போனுக்குப் போடும் அதே "டைப் சி" சார்ஜர் துளை இருக்க வேண்டும். ஜனங்களுக்கு நல்ல சட்டம்தான். ஆனால் பழைய மாடல்களை ஒன்று திருத்த வேண்டும், இல்லாவிட்டால் கைவிட வேண்டும். பானாசோனிக் 2025-ல் 30 மடங்கு ஜூம் உள்ள "டி.இசட். 99"-ஐ வெளியிட்டது. புதிய சார்ஜர் துளையைக் கொடுத்தது. கண்ணை வைத்துப் பார்க்கும் சிறிய ஜன்னல் பழைய மாடலில் இருந்தது, அதை எடுத்துவிட்டது. நம் ஊர் உச்சி வெயிலில் பின்புறத் திரை சரியாகத் தெரியாது. அந்த ஜன்னல் இருந்தால்தான் வசதி. ஆகவே புதியது என்பதற்காகவே மேலானது என்று எண்ணிவிடக்கூடாது.

நம் நாட்டில் டிஜிட்டல் காமிராக்களுக்கான ஜி.எஸ்.டி. வரி 2019 ஜனவரி முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அது கொஞ்சம் ஆறுதல்.

யாருக்கு எது?

வீட்டில் குழந்தையை எடுக்க, பிறந்த நாள் கேக் வெட்டுவதை எடுக்க மட்டும் காமிரா என்றால், ஒன்றுமே வாங்காதீர்கள். கையில் இருக்கும் போன் போதும். இதைச் சொன்னால் காமிராக் கடைக்காரர்கள் என் மேல் கோபப்படுவார்கள். பட்டால் படட்டும்.

தூரத்தில் உள்ளதை எடுக்க ஆசை இருந்தால் மட்டுமே சிறிய ஜூம் காமிரா பணத்துக்குத் தகும். நவம்பர் முதல் மார்ச் வரை வேடந்தாங்கல் போய்ப் பாருங்கள். கூழைக்கடாவும் நத்தை குத்தி நாரையும் ஏரிக்கு நடுவில் மரத்தின்மேல் கூடு கட்டியிருக்கும். கரையிலிருந்து போனில் எடுத்தால் பச்சை மரத்தில் வெள்ளைப் புள்ளிதான் விழும். 600, 700 மி.மீ. எட்டும் ஜூம் காமிரா கையில் இருந்தால், தாய்ப் பறவை குஞ்சுக்கு இரை கொடுப்பது தெரியும். காலை வெயில் நன்றாக விழும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். அந்த இடத்துக்குச் சிறிய சென்சாரே போதும்.

படம் பிடிக்கும் தொழிலைக் கற்றுப் பிழைக்க விரும்பும் பிள்ளைக்குச் சிறிய காமிரா உதவாது. அவனுக்கு ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆரும் அந்த 50 மி.மீ. லென்சும் வாங்கிக் கொடுங்கள். தொழில்காரர்கள் தம்பிக் காமிராவுக்கு மாறுவதால் நல்ல பழைய டி.எஸ்.எல்.ஆர்.கள் இன்று சந்தைக்கு வருகின்றன. கம்பெனி புதிது செய்யாவிட்டாலும், கற்றுக்கொள்ள அது தடையில்லை. கல்யாண வீட்டில் கழுத்தில் பெரிதாக ஒன்று தொங்கினால்தான் போட்டோக்காரர் என்று மதிக்கிறார்கள் என்பதும் ஒரு பக்கம் இருக்கிறது!

சிறிய ஜூம் காமிராவைப் பழையதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் லென்ஸ் குழாய், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் டம்ளர் அடுக்குப் போல உள்ளே போய் வெளியே வரும். வரும்போதெல்லாம் தூசியையும் உறிஞ்சிக்கொள்ளும். பெரிய காமிராவில் லென்சைக் கழற்றித் தூசியைத் துடைத்துவிடலாம். இதில் கழற்ற முடியாது. மெக்கானிக் முழுவதையும் பிரிக்க வேண்டும். கடற்கரை மணல் ஒரு துகள் குழாயில் சிக்கினால் போதும், லென்ஸ் பாதியில் நின்றுவிடும்.

ஆகவே கடையிலேயே காமிராவைப் போட்டு, ஜூமைப் பத்துத் தடவை முழுவதும் நீட்டி மடக்கிப் பாருங்கள். கரகர என்று சத்தம் வந்தால் வேண்டாம். முழுவதும் நீட்டிய நிலையில் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். அதைத் திரையில் பெரிதாக்கி மூலை மூலையாகத் தேடுங்கள். கறுப்புப் புள்ளி இருந்தால் உள்ளே தூசி. பிறகு லென்சை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழை தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களில் இது சகஜம். நல்ல காமிராவாகக் கிடைத்து வாங்கிவிட்டால், பீரோவில் துணிக்கு நடுவில் வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டைப் போட்டு அதற்குள் வையுங்கள்.